கை கொடுத்த பிறகு வந்த விசாரணை

என்னைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது ஒன்றே: "வெட்டும்போது வலிச்சுதா?" வலிக்கவில்லை. மயக்க மருந்து கொடுத்துத்தான் வெட்டுவார்கள். பட்டறையில் இரும்பை அறுப்பதுபோல ஆளை முழித்திருக்க வைத்து அறுப்பதில்லை. இதைச் சொன்னதும் பாதிப்பேருக்குச் சப்பென்று போய்விடுகிறது. நாளைக்கு என்னைப்போல ஒருவன் அந்தக் கட்டிலில் படுக்க நேர்ந்தால் அவனுக்காவது உதவட்டும் என்று இதை எழுதுகிறேன். காலைப் பற்றி மட்டும் என்றால் அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். காலோடு சேர்ந்து வந்த சங்கதி ஒன்று இருக்கிறது, அதுதான் நீளம்.

என் பெயர் ஞானமுத்து. திருநெல்வேலிச் சீமையில் பிறந்து, நிஜாம் சீமைக்குப் பிழைக்க வந்தவன். சிகந்தராபாத்தில் ரயில் பெட்டிகளைப் பழுது பார்க்கும் பட்டறையில் ஃபிட்டர். எங்கள் பக்கத்து ஆட்கள் நிறையப் பேர் அங்கே இருந்ததால் தமிழ்ச் சபை ஒன்றும் இருந்தது. அப்பமும் திராட்சை ரசமும் கொடுக்கும் திருவிருந்துக்கான பாத்திரங்களைத் துலக்கி மேசையில் எடுத்து வைப்பது அங்கே என் பொறுப்பு.

பட்டறையில் ஒரு சட்டம் உண்டு. பெட்டிக்கு அடியில் நுழைகிறவன், முதலில் தண்டவாளத்து முனையில் சிவப்புப் பலகையைத் தொங்கவிட வேண்டும். பலகையில் அவனவன் பித்தளை வில்லை இருக்கும். தொங்கவிட்டவன்தான் கழற்ற வேண்டும். பெரிய துரையே வந்தாலும் தொடக் கூடாது. பலகை தொங்கும் தடத்தில் எஞ்சின் வராது, ஆட்களும் பெட்டியைத் தள்ளமாட்டார்கள். அடியில் கிடப்பவனுடைய உயிர் அந்தப் பலகையில்தான் இருக்கிறது.

சபையிலும் ஒரு சட்டம் உண்டு. திருவிருந்து ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை மாலை ஆயத்த ஆராதனை. மனத்தாங்கல் உள்ளவர்கள் அன்றைக்கு எல்லார் முன்னாலும் எழுந்து ஒருவருக்கொருவர் கை கொடுக்க வேண்டும். கொடுக்காதவன் மறுநாள் பந்திக்கு வர முடியாது. கை கொடுத்த பிறகு அந்தப் பேச்சை யாரும் வாயில் எடுக்கக் கூடாது. கோழிச் சண்டையிலிருந்து சம்பந்திச் சண்டைவரை எங்கள் ஆட்களுக்கு எல்லாம் இப்படித்தான் தீர்ந்துகொண்டிருந்தது.

அந்தச் சனிக்கிழமைகளில் பாத்திரம் துலக்குவதற்காக என்னைச் சங்கு ஊதுவதற்கு முன்பே வீட்டுக்கு விடுவார்கள். பட்டறை முழுக்க அது தெரியும். அன்றைக்கோ பிரேக் தண்டில் ஓர் ஆணி துருப்பிடித்து வர மறுத்தது. எனக்கும் வீம்பு. என் உதவியாள் மஸ்தானை ஸ்டோருக்கு எண்ணெய் வாங்க அனுப்பிவிட்டு அடியிலேயே கிடந்தேன். பெட்டி தள்ளும் கூட்டத்துக்கு மேஸ்திரி சாலமோன். எங்கள் சபைக்காரன், கோயிலில் எனக்கு அடுத்த பெஞ்சு. அவன் தடத்து முனைக்கு வந்தான். "அண்ணாச்சி பலகையை மறந்துட்டுக் கோயிலுக்கு ஓடிட்டாரு போல" என்று தனக்குத்தானே சொல்லிச் சிரித்தது எனக்குக் கேட்டது. பித்தளை வில்லை கிலுங்கியது. "ஏல! நான் இங்கதாம்ல கெடக்கேன்!" என்று கத்தினேன். அதற்குள் பக்கத்துத் தடத்தில் சுத்தியல் அடிக்கத் தொடங்கிவிட்டார்கள்; அது யாருக்குக் கேட்கும்? "தள்ளு!" என்றான். சக்கரம் வந்து காலில் ஏறியது.

குனிந்து ஒரு பார்வை பார்த்திருக்கலாம் பாவி. பார்க்கவில்லை. மற்றபடி அவனுக்கு என்மேல் ஒரு பகையும் கிடையாது.

ரயில்வே ஆஸ்பத்திரியில் என்னைக் கிடத்தியதும் முதலில் மூக்கில் ஏறியது கார்பாலிக் வாடை. இரண்டாவது, என் காலில் இருந்த அச்சு மசகின் வாடை. டாக்டர் மராட்டியர். இந்துஸ்தானியில் நிதானமாகப் பேசுவார், முகத்தில் நல்லதோ கெட்டதோ எழுதியிருக்காது. எலும்பைப் படம் பிடிக்கும் இயந்திரத்தின் அடியில் காலை வைத்தார்கள். படத்தில் முழங்காலுக்குக் கீழே எலும்பு இருக்கவேண்டிய இடத்தில் நொறுக்கிய கற்கண்டு மாதிரி இருந்தது. "எலும்பு எனக்குக் கவலையில்லை. உள்ளே போயிருக்கிற அழுக்குத்தான் கவலை" என்றார். காயத்தைத் தைக்காமல் திறந்து வைத்து, ரப்பர் குழாய் வழியாக மருந்துத் தண்ணீர் விட்டுக் கழுவினார்கள். தினமும் வந்து கால் கட்டைவிரல் நகத்தை அழுத்துவார். அழுத்தினால் வெளுத்து, விட்டால் சிவக்க வேண்டும். அப்படிச் சிவந்தால் இரத்தம் ஓடுகிறது என்று அர்த்தம். நானும் என் மனைவி எஸ்தரும் மூச்சை அடக்கிக்கொண்டு அந்த நகத்தையே பார்ப்போம். கல்யாணத்தில் நான் அவள் முகத்தைக்கூட அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை.

ஒரு நாள் நகம் சிவக்கவில்லை. காய்ச்சல் ஏறியது. டாக்டர் கெண்டைச் சதையை விரலால் அமுக்கினார். தோலுக்கு அடியில் நறநறவென்று ஒரு சத்தம். சதை அழுகும்போது உள்ளே காற்றுக் குமிழி உண்டாகுமாம். அது மேலே ஏறிக்கொண்டே போகுமாம். இடுப்புக்கு வந்துவிட்டால் பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. அதனால் முழங்காலுக்கு மேலே எடுத்துவிட வேண்டும், நாளைக் காலையிலேயே. "எடுத்தாப் பொழைச்சுக்குவாரா?" என்று எஸ்தர் கேட்டாள். டாக்டர், "எடுக்காவிட்டால் பிழைக்கமாட்டார்" என்றார். கேட்டதற்கு அது பதில் இல்லை என்பது எங்கள் இரண்டு பேருக்கும் புரிந்தது. எனக்குப் பயமாக இருந்தது. எஸ்தர் கொண்டுவந்திருந்த கஞ்சியை, நான் குடிக்கமாட்டேன் என்று தெரிந்தும், ஆற்றிக்கொண்டே இருந்தாள்.

அன்று மாலை சபைக் குருவானவர் திருவிருந்தோடு வந்தார். எங்கள் வழக்கப்படி அவரை ஐயர் என்போம். அவர் பின்னால் சாலமோன். வந்தவன் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். ஐயர், "உங்களுக்குள்ள பேசிக்கிடுங்க" என்று வெளியே போனார். எஸ்தரும் எழுந்து போனாள்.

"அண்ணாச்சி, பலகையைக் கழத்துனது நான்தான்."

"தெரியும்ல. கேட்டுக்கிட்டுத்தான கெடந்தேன்."

அவன் அழுத அழுகையில் பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். என்னை மன்னிச்சிருங்க, மன்னிச்சிருங்க என்பதைத் தவிர அவன் வாயில் வேறு வார்த்தை வரவில்லை. நாளைக்குப் பிழைப்பேனா என்று தெரியாமல் கிடப்பவனுக்கு ஒருவனைக் கோபித்துக்கொண்டிருக்கச் சத்து இருக்காது. ஆனாலும் சத்தில்லாமல் மன்னித்தேன் என்று சொல்லமாட்டேன். மனதார மன்னித்தேன். கையை நீட்டினேன். ஐயர் உள்ளே வந்து எங்கள் இரண்டு பேருக்கும் அப்பமும் ரசமும் கொடுத்தார். அவன் போன பிறகு மனசு லேசாக இருந்தது. கால் போனாலும் போகட்டும் என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. ஒரு நிமிஷம்தான்.

மயக்க மருந்தை முகமூடியில் சொட்டுச்சொட்டாக விட்டார்கள். அழுகின பழத்தின் தித்திப்பு. கண் விழித்தபோது கால் இருந்த இடத்தில் போர்வை தட்டையாக இருந்தது. எஸ்தர் என் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "முழிச்சிட்டியளா? பேச வேண்டாம். வாந்தி வரும்" என்றாள். வந்தது.

அதற்குப் பிறகு யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லாத ஒன்று நடந்தது. இல்லாத காலின் பெருவிரல் அரிக்க ஆரம்பித்தது. சொறிவதற்கு விரல் இல்லை. டாக்டரிடம் சொன்னால் சிரிப்பாரோ என்று பயந்து சொல்லாமல் இருந்தேன். கடைசியில் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. நரம்புக்குக் கால் போன செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை, கொஞ்ச நாள் ஆகும் என்றார். உங்களுக்கும் அப்படி அரித்தால் பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று பயப்படாதீர்கள்.

பார்வையாளர் நேரத்தில் ஒரு நாள் மஸ்தான் வந்தான். தாடி வளர்ந்திருந்தது. அவன் அம்மா செய்த கிச்சடியைத் தூக்குச்சட்டியில் கொண்டுவந்து, என் தலைமாட்டில் வைத்துவிட்டுச் சும்மா நின்றான். பட்டறையில் பழகின தமிழில், நடுநடுவே வீட்டு உருதுவும் கலந்துதான் என்னோடு பேசுவான்.

"வேலை நேரத்துல எப்படிடா வந்தே?"

"வேலை எங்கே அண்ணா? அன்னைக்கே நிறுத்தி வெச்சாங்க. பலகை என் டூல் பெட்டி மேலே கிடைச்சுது. நான் கழட்டினேன்னு சொல்றாங்க. கைக்கு அண்ணா? எதுக்கு நான் கழட்டணும்? நீங்க அடியிலே இருக்கீங்க, எனக்குத் தெரியாதா?"

"சாலமோன் மேஸ்திரி என்ன சொன்னான்?"

"அவரு வந்தப்போ பலகையே இல்லேன்னு எழுதிக் கொடுத்தாரு."

கழற்றின பலகையைக் கையில் கிடைத்த இடத்தில், மஸ்தானின் கருவிப் பெட்டிமேல், வைத்துவிட்டுப் போயிருக்கிறான். பிறகு அது அங்கேயே கிடைத்தபோது வாயை மூடிக்கொண்டான். என் கட்டில் காலைப் பிடித்து அழுதபோதே மஸ்தானை நிறுத்தி வைத்திருந்தார்கள். அப்பத்தை வாங்கிய அதே கையால் அந்தப் பொய்யையும் எழுதிக் கொடுத்திருக்கிறான்.

நான் சட்டியைத் தொடாமல் இருப்பதைப் பார்த்து மஸ்தான், "நக்கோ அண்ணா, நீங்க வருத்தப்பட வேண்டாம். சாப்பிடுங்க. எங்க அம்மா உங்களுக்காக நெய் ஊத்தினாங்க" என்றான். அவன் வீட்டில் நெய் எந்த நிலையில் இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன்.

அவன் போனதும் எஸ்தரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தூக்குச்சட்டியைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"இப்ப என்ன செய்யப் போறிய?"

"கை குடுத்தாச்சே, எஸ்தர். திருவிருந்தும் எடுத்தாச்சு. அதுக்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கக் கூடாதுல்லா?"

அவள் சட்டியை ணங்கென்று வைத்தாள். "உங்க கால நீங்க மன்னிக்கலாம். அது உங்க கால். மஸ்தான் வீட்டு அடுப்ப மன்னிக்கிறதுக்கு நீங்க யாரு?"

இருபது வருஷமாகக் கோயிலில் பிரசங்கம் கேட்கிறேன். இப்படி ஒரு கேள்வி என்னை யாரும் கேட்டதில்லை.

சாலமோனுக்கு ஆள் அனுப்பினேன். வந்தான். இந்தத் தடவை அழவில்லை.

"நீயே போய்ச் சொல்லிருல. விசாரணைக்குத் துரை இங்க வரப்போறாரு. அதுக்கு முந்தி நீயாப் போய்ச் சொன்னா உனக்கு மரியாதை."

"அண்ணாச்சி, சொன்னா என் வேலை போயிரும். குவார்ட்டர்ஸ் போயிரும். நாலு பிள்ளைய. கடைசிப் பிள்ளை இன்னும் நடக்கல."

"மஸ்தானுக்கும்தான் வேலை போகுது."

"அவனுக்கு இதுதான் ஊரு. எங்கயாச்சும் பொழைச்சுக்கிடுவான். நான் எங்க போவேன்?" பிறகு குரலைத் தாழ்த்தி, "நீங்க மன்னிச்சிட்டியளே அண்ணாச்சி. கர்த்தருக்கு முன்னால கை குடுத்தியளே. இப்ப அதைத் திருப்பி எடுக்கிறியளா?" என்றான்.

அவனை நடிக்கிறான் என்று நினைத்தால் தப்பு. நிஜமாகவே அப்படித்தான் நம்பினான். கை கொடுத்தால் தீர்ந்தது என்றுதான் நாங்கள் எல்லாருமே பழகியிருந்தோம். நடுவில் வேறொருவன் நசுங்கிக் கிடப்பான் என்று எங்கள் வழக்கத்தில் யாரும் யோசித்து வைக்கவில்லை.

மறுநாள் ஐயர் வந்தபோது யார் பெயரையும் சொல்லாமல் கேட்டேன். அவருக்குத் தெரியாமலா இருக்கும்?

"ஐயரே, மன்னிச்சாச்சுன்னா நடந்தது நடக்கலைன்னு ஆயிருமா?"

"நடக்கலைன்னு சொன்னா அது மன்னிப்பு இல்லப்பா, பொய். நடந்துச்சுன்னாத்தான் மன்னிக்கிறதுக்கே ஏதாவது இருக்கும்."

"அப்ப தண்டனை? கடவுள் மன்னிக்கவும் செய்யணும், நியாயமும் தவறக் கூடாதுன்னா எப்படி? ஒண்ணு விட்டாத்தான ஒண்ணு?"

அவர் தலையைச் சொறிந்தார். "வருஷா வருஷம் பெரிய வெள்ளிக்கு அதைத்தான் பிரசங்கம் பண்ணுதேன். தீர்ப்பையும் அவர் மாத்தல, நம்மையும் விடல. தீர்ப்புச் சொன்னவரே இறங்கி வந்து அதைத் தன்மேல வாங்கிக்கிட்டாரு. அதுக்கு மேல என்கிட்ட கேக்காத ஞானமுத்து, எனக்கும் விளங்கல."

பிரசங்கத்தில் இதற்கு முக்கால் மணி நேரம் எடுத்துக்கொள்வார். ஆஸ்பத்திரியில் அவ்வளவு சுருக்கமாகச் சொன்னதற்கு நன்றி சொன்னேன். ஆனால் அது அப்போது எனக்கு உபயோகப்படவில்லை. சிலுவை பெரிய விஷயம். என் முன்னால் இருந்தது மஸ்தானின் வேலை. துரையிடம் உண்மையைச் சொல்லவேண்டும், அவ்வளவுதான் என்று முடிவு செய்தேன்.

விசாரணைக்கு என்னைத் தூக்கிக்கொண்டு போக முடியாததால் துரையே வார்டுக்கு வந்தார். கூட ஒரு குமாஸ்தா. சாலமோன் ஜன்னல் பக்கம், மஸ்தான் கதவுப் பக்கம். சிஸ்டர் நாற்காலி போட்டுவிட்டு, "நோயாளியைக் களைக்க வைக்காதீர்கள்" என்று துரையையே அதட்டினாள். பலகையை யார் கழற்றியது, தெரியுமா என்று துரை என்னிடம் கேட்டார்.

"தெரியும் சார். ஆனால் முதலில் சாலமோனைக் கேளுங்கள். அவன் ஏதோ சொல்ல விரும்புகிறான்" என்றேன்.

எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். அவன் ஜன்னலைப் பார்த்தான். சொல்லுடா, சொல்லுடா, என் வாயில் வர வைக்காதே என்று உள்ளுக்குள் கெஞ்சினேன். கடவுளிடம்கூட அப்படிக் கெஞ்சியதில்லை. அவன் ஜன்னலைவிட்டுத் திரும்பவில்லை. துரை மறுபடி என் பக்கம் திரும்பினார். சொன்னேன். கேட்டது, கிலுங்கியது, அவன் வந்து ஒப்புக்கொண்டது, எல்லாம். துரை, "இது உண்மையா?" என்று கேட்டார். "ஹவ் சாப்" என்று ஒப்புக்கொண்டான் சாலமோன், தரையைப் பார்த்துக்கொண்டு. கதவருகே மஸ்தான் முகத்தை மூடிக்கொண்டு விம்மினான்.

மஸ்தானுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. சாலமோனை நீக்கினார்கள், மாதக் கடைசிக்குள் குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொன்னார்கள். பலகையைக் கழற்றியதற்கு மட்டும் என்றால் சம்பளத்தைக் குறைத்து விட்டிருப்பார்களாம். பொய் எழுதிக் கொடுத்ததற்குத்தான் வேலை போயிற்று.

சபையார் என்னைப் பார்க்க வருவது நின்றது. எங்கள் ஆட்களின் பேச்சு எஸ்தர் காதுவழியாக வந்தது: ஒரே பாத்திரத்தில் குடித்துவிட்டுக் காட்டிக்கொடுத்தான், யூதாசு. ஒரு துலுக்கனுக்காகச் சொந்த ஆளைக் கெடுத்தான். கேட்டுக் கோபம் வந்தது. கட்டிலைவிட்டு எழ முடியாதவனுக்குக் கோபம் வந்தால் என்ன செய்வான்? ஆரஞ்சுத் தோலை உரித்து உரித்துப் போட்டேன்.

அதைவிடத் தொந்தரவு வேறு. சாலமோன் "ஹவ் சாப்" என்று சொன்னபோது எனக்குள் ஒரு சந்தோஷம் வந்ததா? வந்தது என்றுதான் நினைக்கிறேன். ஒரு துளி. அது மஸ்தானுக்கான சந்தோஷமா, என் காலுக்கான சந்தோஷமா என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. ஊன்றுகோல் பழகும்போதெல்லாம் இதே யோசனை. மன்னித்தேன், மனதார. நியாயத்தையும் சொன்னேன், உள்ளது உள்ளபடி. இரண்டும் சரி. ஆனால் மாதக் கடைசியில் தெருவுக்கு வரப்போவது நான் இல்லை. காலில்லாதவன் என்று எனக்குக் கருவி அறையில் உட்கார்ந்து பார்க்கும் வேலை கொடுத்திருந்தார்கள், வீடும் அப்படியே. தீர்ப்புக்கு வழி செய்தவன் நான், அதில் ஒரு துரும்புகூட என்மேல் விழவில்லை. "தன்மேல வாங்கிக்கிட்டாரு" என்று ஐயர் சொன்னது அப்போதுதான், கழிப்பறைக்குப் போகும் வழியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, எனக்கு உறைத்தது.

எஸ்தரிடம் சொன்னேன். "ரெண்டு ரூம்ல நம்ம அஞ்சு பேரு, சாலமோன் வீட்ல ஆறு பேரு, பதினோரு பேரா? உங்களுக்குக் கால எடுத்தாவளா, மூளைய எடுத்தாவளா?" என்றாள். சற்றுக் கழித்து, "பின்பக்கம் ஓலைச் சார்ப்பு ஒண்ணு இறக்கினா ரெண்டு அடுப்பு வைக்கலாம்" என்றாள்.

என்னை வீட்டுக்கு அனுப்பியபோது மாதம் முடிய இருந்தது. ஜட்காவை மஸ்தான் பிடித்து வந்து, என்னைத் தூக்கி உட்கார வைத்தான். எஸ்தர் பக்கத்தில். குவார்ட்டர்ஸ் இருக்கும் மெட்டுகுடா பக்கம் திரும்பியதும் வண்டியைச் சாலமோன் வீட்டுப் பக்கம் விடச் சொன்னேன். வாசலில் டிரங்குப் பெட்டியும் பாய்ச்சுருளும் கிடந்தன. சாலமோன் என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டான். அவன் மனைவி மரகதம் கடைசிப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். கண்ணைப் பார்த்தால் திட்டப் போகிறாள் என்று தெரிந்தது. திட்டட்டும் என்று காத்திருந்தேன்.

எஸ்தர் முந்திக்கொண்டாள். "சாமானெல்லாம் நம்ம வீட்டுக்கு எடுத்துட்டு வா மரகதம். தம்பிக்கு வேற வேலை கிடைக்கிற வரைக்கும் அங்கதான்."

மரகதம் அவளைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். "வேலையைப் போக்கினதும் நீங்க, வீட்டைக் குடுக்கிறதும் நீங்களா? இது என்ன நியாயம்?"

"போக்கினது நான்தாம்மா" என்றேன். "பின்ன வேற யாரு குடுக்கணும்?"

உள்ளே சாலமோன் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. ஜட்காக்காரன் பொறுமையில்லாமல் கடிவாளத்தை ஆட்டினான். மரகதம் வண்டியருகே வந்து, பிள்ளையை என் மடியில் வைத்துவிட்டுச் சாமான் எடுக்கப் போனாள். இடது பக்கம் மடி இல்லாததால் பிள்ளை சரிந்தது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.